சிங்கப்பூரில் நான் துண்டு போட்ட கதை

பத்தொன்பது வருஷமாக வாத்தியார் வேலை பார்க்கிறேன். "டீச்சர், கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்று ஒருத்தரும் என்னிடம் சொன்னதில்லை. சாத்தூர்ப் பக்கம் எங்கள் பள்ளிக்கூடத்தில் நான் மூன்றாம் வகுப்பில் பாடம் நடத்தினால் ஐந்தாம் வகுப்புக்கும் சேர்த்துக் கேட்கும். அந்த வகுப்பு டீச்சர் அந்த நேரத்தில் நிம்மதியாக நோட்டுத் திருத்திக்கொள்வார். சிங்கப்பூரில் முதல் நாள், வகுப்பில் உட்கார்ந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, ஒரு பொடிசு இரண்டு காதையும் பொத்திக்கொண்டு கேட்டது: "டீச்சர், உங்களுக்கு எங்க மேல கோபமா?"

கோபமெல்லாம் இல்லை கண்ணு, ஆண்டவன் கொடுத்த குரலே இதுதான் என்று எந்த ஆங்கிலத்தில் சொல்வது? சிரித்து மழுப்பினேன்.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்கத் துணையாக, தொடக்கப் பள்ளிகளுக்குப் போய் உட்காரும் தன்னார்வக் குழு ஒன்று அங்கே இருக்கிறது. எங்கள் ஆசிரியர் வட்டத்துக்கும் அவர்களுக்கும் பல வருஷப் பழக்கம். கோடை விடுமுறையில் இங்கிருந்து ஒருவர் மூன்று வாரம் போய் வருவார். இந்த முறை என் பேர் வந்தது. "சிங்கப்பூருக்கே நீ இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தக் கடுப்பிலேயே பெட்டியைக் கட்டினேன்.

தங்கியது குவீன்ஸ்டவுனில், ரஷீதா வீட்டில். குழுவை நடத்துகிறவள் அவள்தான். மூன்று தலைமுறைக்கு முன்னால் நாகூர்ப் பக்கத்திலிருந்து போன குடும்பம். லிட்டில் இந்தியாவில் துணிக்கடை இருக்கிறது. என்னைவிட எட்டு வயது சின்னவள். பார்த்த நிமிஷத்திலிருந்து அக்கா, அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். வீடு பதினோராவது மாடி. அங்கே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியை நீட்டி அதில் துணி காயப்போடுகிறார்கள். நானும் என் சேலையைக் கோர்த்து வெளியே நீட்டினேன். அது பாட்டுக்குக் காற்றில் அவிழ்ந்து பத்தாவது மாடி ஜன்னலை மூடிவிட்டது. கொஞ்ச நேரத்தில் கீழ் வீட்டுச் சீன அம்மா வந்து கதவைத் தட்டி, மழை வரப் போகிறதென்று நினைத்து விளக்கைப் போட்டுவிட்டேன் என்றார். அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் மானம் போயிற்று.

முதல் ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியா. சனம் என்றால் சனம், அப்படி ஒரு சனம்! வாரம் முழுக்க வேலை பார்த்த நம்ம பையன்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அங்கேதான். காது நிறைய மதுரை, புதுக்கோட்டை, மன்னார்குடி. மல்லிகைப்பூ வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு, தேக்கா சந்தையின் உணவுக் கடைகளுக்குப் போனோம். ரஷீதா தே தாரிக் வாங்க வரிசையில் நின்றாள். அது நம்ம டீதான். ஆனால் ஆற்றுகிற ஆற்றில் ஒரு முழத்துக்கு நுரை நிற்கிறது. நான் ஆட்டுக்கறி பிரியாணித் தட்டோடு இடம் தேடி அலைந்தேன். ஒரு மேசை காலியாக இருந்தது. மேலே சின்ன டிஷ்யூ பாக்கெட் ஒன்று. பாவம், யாரோ மறந்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று எடுத்து, மேசை துடைக்கிற பெரியவர் கையில் கொடுத்துவிட்டு ஜம்மென்று உட்கார்ந்தேன்.

பெரியவர் அந்தப் பாக்கெட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். இரண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். அலுவலக அடையாள அட்டை மாட்டிய ஒரு பெண், கையில் ஆவி பறக்கிற நூடுல்ஸ் கிண்ணத்தோடு வந்து என் முன்னால் நின்றாள். ஒன்றும் பேசவில்லை. நின்றாள், அவ்வளவுதான். நான் நட்பாகச் சிரித்தேன். ரஷீதா ஓடி வந்தாள். பதறினால் அவள் பேச்சில் அந்த ஊர் 'லா' ஒட்டிக்கொள்ளும்.

"ஐயோ அக்கா! அது அவங்க பிடிச்சு வச்ச இடம் லா! டிஷ்யூ இருந்தா ஆள் இருக்குன்னு அர்த்தம். யாரும் தொட மாட்டாங்க."

"ஒரு பாக்கெட் டிஷ்யூவுக்கா?"

"சில பேர் குடையை வைப்பாங்க, சில பேர் ஆபீஸ் கார்டையே வச்சுட்டுப் போவாங்க. யாரும் தொட மாட்டாங்க."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இது நம்ம துண்டு இல்லையா! பஸ் நிலையத்தில் பஸ் நிற்கிறதுக்கு முன்னாலேயே ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிக்கிற ஊர்க்காரி நான். டிஷ்யூவைப் பார்த்த உடனே புரிந்திருக்க வேண்டாமா? அந்தப் பெண்ணிடம் ஆயிரம் தடவை சாரி சொல்லி, அவளையும் எங்களோடு உட்காரவைத்தேன்.

"உங்க ஊர்ல துண்டு போட்டா யாரும் எடுக்க மாட்டாங்களாக்கா?" என்று ரஷீதா கேட்டாள்.

"எடுப்பாங்க. எடுத்ததுக்கு அப்புறம்தான் சண்டையே ஆரம்பிக்கும். நாம பக்கத்துலயே நின்னு 'ஆள் வருது, ஆள் வருது'ன்னு கத்திக்கிட்டே இருக்கணும்."

சாப்பிட்டு முடித்ததும் தட்டை நாமே கொண்டுபோய் வைக்க வேண்டுமாம். வைத்தேன். என் வீட்டுக்காரர் பார்த்திருக்க வேண்டும்.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம். சுவா சூ காங்கில், அடுக்குமாடிகளுக்கு நடுவில். இரண்டாம் வகுப்பு. ஐந்து பிள்ளைகளை லைப்ரரி மூலையில் என்னோடு உட்கார வைத்தார்கள். நாற்காலிகள் முழங்கால் உயரம். உட்கார்ந்துவிடலாம், எழுந்திருக்கத்தான் ஆள் வேண்டும். அவர்கள் முறையில் ஒரு விதி உண்டு. பிள்ளை ஒரு சொல்லில் தடுக்கி நின்றால் நாம் எடுத்துக் கொடுக்கக் கூடாது. மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். அதற்கப்புறமும் வரவில்லையென்றால்தான் வாயைத் திறக்கலாம். எனக்கு மூன்றுக்கு மேல் எண்ண வரவில்லை. நாக்கு துடிக்கிறது! நாமெல்லாம் நாற்பது பிள்ளைகளைச் சேர்த்து ராகம் போட்டுச் சொல்ல வைத்தே பழகியவர்கள். நான் அப்படி ஒரு தடவை ஆரம்பித்துவைக்க, ஐந்து பிள்ளைகளும் உற்சாகமாகக் கூவ, அந்தப் பக்கம் வாசித்துக்கொண்டிருந்த பெரிய வகுப்பே எட்டிப் பார்த்தது.

ஐந்தில் நாலு பேர் வாயாடிகள். ஐந்தாவது அலியா. மலாய்ப் பிள்ளை, இரட்டைச் சடை, முன்பல் ஒன்று இல்லை. புத்தகத்தைத் திறப்பாள், விரலை முதல் சொல்லில் வைப்பாள், அவ்வளவுதான். போன வருஷம் எல்லார் முன்னாலும் வாசிக்கும்போது நடுவில் நின்றுபோனாளாம், சிரித்துவிட்டார்களாம். அதிலிருந்து பள்ளிக்கூடத்தில் சத்தமாக ஒரு வரி வாசித்ததில்லை என்று வகுப்பு டீச்சர் சொன்னார். என் மூன்று வாரத்தின் முடிவில் பெற்றோர் முன்னால் வாசிப்பு நாள். ஆளுக்கு ஒரு பக்கம். "அவள் வாசிக்கலைன்னாலும் பரவாயில்லை, வற்புறுத்தாதீங்க" என்றார்.

எனக்குப் பரவாயில்லை என்று விட முடியவில்லை. சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஒரு கூத்து. முதல் நாள் ரஷீதா கூட வந்தாள். அன்றைக்குத் தனியாக வந்தேன். பஸ் நிறுத்தத்தில் நின்றேன். என் பஸ் வந்தது, அது பாட்டுக்குப் போய்விட்டது. கையை நீட்டினால்தான் நிற்குமாம். அடுத்ததற்கு இரண்டு கையையும் நீட்டினேன். ஏறி உட்கார்ந்தேன். பள்ளிக்கூடம் நெருங்கியது. விசிலுக்காகக் காத்திருந்தேன். கண்டக்டர் எங்கே இருக்கிறார், விசில் அடிக்க? "ஸ்கூல் இறக்கம்!" என்று தமிழிலேயே ஒரு குரல் கொடுத்தேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள், பஸ் மட்டும் நிற்கவில்லை. சரி, அடுத்த நிறுத்தத்தில் நிற்கும் என்று இருந்தால், அடுத்ததிலும் நிற்கவில்லை. கட்டடங்கள் குறைந்து மரமும் செடித் தோட்டமுமாக வர ஆரம்பித்தது. கிராஞ்சி என்கிற இடமாம் அது. பஸ்ஸில் நானும் டிரைவரும்தான் மிச்சம்.

அவர் வண்டியை நிறுத்திவிட்டு வந்தார். குட்டையான, வட்ட முகக்காரர். பஸ் கம்பெனிச் சட்டை. எங்கே போகணும் என்று ஆங்கிலத்தில் கேட்டார். சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டு, கம்பியில் இருந்த சிவப்புப் பொத்தானைக் காட்டினார். அதை அமுக்கினால்தான் நிற்பாராம். வெளியே லாரி ஒன்று நம்ம ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு போனது. அதிலிருந்து ஒரு பையன் என் பூவையும் சேலையையும் பார்த்து, "அக்கா, எந்த ஊரு?" என்று கத்தினான். "சாத்தூரு!" என்று நானும் கத்தினேன். டிரைவர் காதைத் தடவிக்கொண்டார்.

"நீங்கதானா அந்தச் சத்தமான சிகு?" என்றார். மலாய்ப் பிள்ளைகள் டீச்சரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். "என் மகள் சொன்னாள். அலியா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தப் பிள்ளை பேசுமா?

"வீட்டில் நிறுத்தாமல் பேசுவாள். புத்தகம்கூட வாசிப்பாள், கதவைச் சாத்திக்கொண்டு, பூனைக்கு. நான் கதவைத் திறந்தால் நிறுத்திவிடுவாள்." அவர் சிரிக்கத்தான் பார்த்தார், முழுசாக வரவில்லை. "பூனை கேட்டிருக்கிறது, சிகு. நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை."

திரும்பும் வழியெல்லாம் முன் இருக்கையில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டே வந்தேன். பள்ளிக்கூட நிறுத்தத்துக்கு மூன்று தடவை பொத்தானை அமுக்கினேன்.

அதற்கப்புறம் அந்தப் பத்து எண்ணுவதை ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். அலியா விரலை வைப்பாள், நான் எண்ணுவேன். பத்து. மறுபடி பத்து. மற்ற நாலும் கண்ணாடிக் குடுவை மீன் மாதிரி எங்களையே பார்த்துக்கொண்டிருக்கும். இரண்டாவது வாரம் புதன்கிழமை, இடைவேளையில் தன் கறி பஃப்பைப் பாதி பிய்த்து என்னிடம் நீட்டினாள். அதற்குள் உருளைக்கிழங்கும் முட்டையும். நம்ம ஊர் பஃப்ஸைவிட நாலு மடங்கு ருசி, ஊரில் யாரிடமும் சொல்லிவிடாதீர்கள். சாப்பிட்டு முடித்ததும் என் காதருகே வந்து, மூச்சு மட்டும் படுகிற குரலில் முழுப் பக்கத்தையும் வாசித்தாள். முதல் முறையாகக் குளத்தில் இறங்குகிற வாத்துக் குஞ்சின் கதை. ஒரு தப்பில்லை! நான் கத்திவிடக் கூடாதே என்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"வாசிப்பு நாளில் இதே மாதிரி வாசிப்பியா?" என்றேன்.

யோசித்தாள். "அப்பா வந்தா வாசிப்பேன். வரலைன்னா மாட்டேன்."

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் அவரிடம் சொன்னேன். டிரைவரிடம் பேசக் கூடாது என்று பலகை இருந்தது. வண்டி நின்ற பிறகுதான் சொன்னேன். அவர் முகம் பூத்தது, உடனே வாடியது. அந்த நாள் அவருக்குக் காலை ஷிஃப்ட். மாற்று ஆள் கிடைத்தால் அரை மணி நேரம் வரலாம். கேட்டுப் பார்க்கிறேன் என்றார்.

வாசிப்பு நாளும் வந்தது. லைப்ரரியில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அதன் மேலெல்லாம் புத்தகம், காகிதம், கிரேயான். பெற்றோர் வருவதற்குள் சுத்தம் பண்ணுவது என் பொறுப்பு. நான் சுத்தம் பண்ணினால் அது சுத்தம். மளமளவென்று எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டேன். கதவைத் திறந்தார்கள், கூட்டம் திமுதிமுவென்று வந்தது. முன்வரிசை நடு நாற்காலியில் பெரிய கேமராவோடு ஒரு நெட்டை மனிதர் உட்கார்ந்தார்.

திரும்பினால் அலியா. அந்த நாற்காலியையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். பார்த்துக்கொண்டே பின்னால் போய் மேசைக்கு அடியில் உட்கார்ந்துவிட்டாள்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பக்கத்தில் இருந்த வாயாடி ஒன்று சொன்னது: "அவ அப்பாவுக்கு டிஷ்யூ வச்சிருந்தா, டீச்சர்."

அட கூறுகெட்டவளே! என்னைத்தான் சொல்கிறேன். பெட்டியைக் கிளறினேன். கிரேயானுக்கு நடுவில், பூனைப் படம் போட்ட சின்ன டிஷ்யூ பாக்கெட். தேக்காவில் அத்தனை பட்டும் புத்தி வரவில்லை. சாப்பாட்டுக் கடையில்தான் அது இடம் பிடிக்கும் என்று நானாக முடிவு பண்ணியிருந்தேன். அந்தப் பிள்ளை வாயைத் திறந்து கேட்காமல் இந்த உலகத்திடம் கேட்டது அந்த ஒரு நாற்காலிதான். அதையும் துடைத்துப் போட்டுவிட்டேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அழுதால் நாற்காலி கிடைக்குமா? நேரே போய் அந்த நெட்டை மனிதர் முன்னால் நின்றேன். ஆங்கிலத்தில் அழகாகச் சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். வந்தது என்னவோ பஸ் நிலையம்தான்.

"ஆள் வருது!"

மொத்த லைப்ரரியும் திரும்பிப் பார்த்தது. அந்த மனிதருக்குத் தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. ஆனால் என் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை. கேமராவை அணைத்துக்கொண்டு எழுந்தே விட்டார். என் இடுப்பில் செருகியிருந்த கைக்குட்டையை எடுத்து நாற்காலியில் போட்டு, மேலே அந்த டிஷ்யூவையும் வைத்துப் பக்கத்தில் காவலுக்கு நின்றேன். இன்னும் இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். "ஆள் வருது, ஆள் வருது." கதவோரம் ரஷீதா சுவரில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மேசைக்கு அடியிலிருந்து இரட்டைச் சடை எட்டிப் பார்த்தது.

நாலு பேரும் வாசித்து முடித்தார்கள். கைதட்டல். அலியாவின் முறை. நாற்காலி காலி. அவள் அசையவில்லை. வகுப்பு டீச்சர் என்னைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். "முடித்துவிடலாமா?" என்று மெல்லக் கேட்டார்.

"பத்து எண்ணிக்கறேன், டீச்சர்" என்றேன். உங்கள் விதிதானே!

எண்ணினேன். அவ்வளவு மெதுவாக வாழ்க்கையில் எதையும் எண்ணியதில்லை. ஒன்பதுக்கும் பத்துக்கும் நடுவில் மட்டும் ஒரு பஸ் போய் வரலாம். பத்தும் ஆயிற்று. இன்னொரு பத்து என்று வாயெடுத்தபோது, கதவில் அந்தப் பஸ் கம்பெனிச் சட்டை. ஓடி வந்திருக்கிறார், மூச்சு வாங்குகிறது. வந்தவர் காலி நாற்காலியைப் பார்த்தார், அதன் மேல் இருந்த கைக்குட்டையையும் டிஷ்யூவையும் பார்த்தார், பேசாமல் பின்னால் போய்ச் சுவரோரம் நின்றுகொண்டார். யாரோ பிடித்து வைத்த இடமாம்! சிங்கப்பூர்க்காரர் தொடுவாரா?

"உங்க சீட்டுதாங்க அது!" என்று கையைப் பிடித்து இழுத்து வந்து உட்காரவைத்தேன். "உங்க மகள் பிடிச்சு வச்சது."

அலியா மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தாள். பாவாடையைத் தட்டிக்கொண்டு முன்னால் நின்றாள். விரலை முதல் சொல்லில் வைத்தாள். குரல் சின்னதுதான், ஆனால் கேட்டது. நாலாவது வரியில் நின்றுவிட்டாள். நான் எண்ண ஆரம்பித்தேன். பின்னால் ஒரு குரல்கூட இல்லை, ஒரு சிரிப்பும் இல்லை. கேமராக்காரரும் கேமராவைக் கீழே இறக்கிவிட்டார். ஏழு எண்ணும்போது சொல் வந்தது. அதற்கப்புறம் வாத்துக் குஞ்சு தண்ணீரில் இறங்கிக் கரை சேரும்வரை அவள் நிற்கவே இல்லை. அவள் அப்பா அந்த டிஷ்யூ பாக்கெட்டைப் பிரித்து ஒன்றை எடுத்தார். எனக்கும் ஒன்று நீட்டினார். இரண்டு பேருக்கும் தேவைப்பட்டது.

அன்றைக்கு மிச்ச நேரமெல்லாம் அந்த ஐந்து பிள்ளைகளும் நாற்காலியில் எதையாவது போட்டுவிட்டு "ஆள் வருது, ஆள் வருது" என்று விளையாடினார்கள். மூன்று வாரம் ஆங்கிலத்துக்குத் துணை நின்றவள் விட்டுவந்த பாடம் இதுதான். வீட்டுக்காரரிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுநாள் கடைசி நாள். பள்ளிக்கூடம் விட்டு, எல்லாரிடமும் விடைபெற்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு நிறுத்தத்துக்கு வந்து கையை நீட்டினேன். அவருடைய பஸ்தான். கூட்டமோ கூட்டம், நிற்கக்கூட இடமில்லை. முன் இருக்கையில் சீருடையோடு அலியா உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டதுமே முந்தின நிறுத்தத்துக்கு ஓடிப் போய் ஏறியிருக்கிறாள். பக்கத்து இருக்கை காலி. அதன் மேல் பூனைப் படம் போட்ட டிஷ்யூ பாக்கெட்.

பை நிறைய காய்கறியோடு ஒரு அம்மா எனக்கு முன்னால் ஏறி, அந்த இருக்கையின் பக்கம் குனிந்தார்.

பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, முன்பல் இல்லாத வாயைத் திறந்து, என் குரலிலேயே அந்தப் பிள்ளை கத்தியது:

"ஆள் வருது!"